தைலம்மா பஸ் ஏறினாள்

தஞ்சோங் கிளிங்,
16 ஜனவரி 2024

அன்புள்ள தங்கை கலைமகளுக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. பொங்கல் நல்லபடியாக முடிந்தது. எனக்கும் உன் அத்தானுக்கும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. ஹோட்டல் சலவை அறையில் நின்று நின்று கால் மட்டும் வீங்குகிறது. நீயும் மாப்பிள்ளை நிவேந்திரனும் சுகம்தானே? போனில் பேசினால் நீ ‘மீட்டிங்’ என்று சொல்லிப் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தைலம்மாவை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?

‘பதினேழாம் நிரை’ டிவி நாடகமாக வருகிறது, வசனம் என் தங்கச்சி என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தவள் நான். ஞாயிறு பேப்பரில் அது தொடராக வந்தபோது நீ ஏழு வயதுப் பிள்ளை, எனக்குப் பதினேழு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரப்பர்ப் பால் நிறுத்து முடிந்ததும் தோட்டத்துப் பெண்கள் ஸ்டோர் வாசலில் உட்கார, நான்தான் படித்துக் காட்டுவேன். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அவர்களுக்குத் தைலம்மா கதைப் பெண்ணே இல்லை, அடுத்த லயத்து வீட்டுப் பெண். வேலை வாங்கும் மண்டோரை நிறுத்தி நியாயம் கேட்பாள். குடித்துவிட்டு அடிக்க வரும் புருசனின் கையை ஒரு நாள் பிடித்து நிறுத்துவாள்.

அந்த ஸ்டோர் வாசல் கூட்டத்தில் மிஞ்சிய எட்டுப் பேரும் சனிக்கிழமை ஏழு மணிக்கு என் வீட்டில் கூடினோம். உங்கள் தைலம்மா உச்சி வெயிலில் பால்மரம் வெட்டுகிறாள். காதில் ஜிமிக்கி ஆடுகிறது. வெயில் ஏறிய பிறகு எந்த மரமடி பால் கொடுக்கும்? மண்டோர் அதட்டினால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுகிறாள். மாரியம்மா அக்கா எழுந்து நின்று, “இது யாருலா? நம்ம தைலம்மா வீட்டுக்கு வந்த விருந்தாளியா?” என்று கேட்டார். எனக்குத்தான் மானம் போயிற்று.

பதில் போடு. சாக்குப்போக்கு வேண்டாம்.

அன்பு குறையாமல் கோபமாக இருக்கும்
உன் அக்கா பெரியநாயகி


கோலாலம்பூர்,
27 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கலைமகள் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். கால் வீக்கத்தை டாக்டரிடம் காட்டினாயா, இல்லை தைலம் தேய்த்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறாயா? அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ஜிமிக்கிக்கு நான் பொறுப்பில்லை, அக்கா. வெயில் காட்சிக்கும் இல்லை. விடியுமுன் எடுத்தால் விளக்குச் செலவு அதிகமாம். பால் வராதே என்று டைரக்டரிடம் சொன்னேன். “யாருக்குங்க தெரியப் போவுது?” என்றார். மலாக்காவில் எட்டுப் பேருக்குத் தெரியும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அழுகையும் மேலிடத்து உத்தரவுதான். எந்த இடத்தில் அழ வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள், என்ன சொல்லி அழ வேண்டும் என்று நான் எழுதுகிறேன். இதற்குத்தான் சம்பளம்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நாற்பது வருசம் ஆகிவிட்டது. கதையை நன்றாக ஞாபகப்படுத்திப் பார். நாம் மனத்தில் வைத்திருக்கும் தைலம்மாவும் பேப்பரில் வந்த தைலம்மாவும் எல்லா இடத்திலும் ஒருத்திதானா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பாசமுள்ள
கலைமகள்


தஞ்சோங் கிளிங்,
13 பிப்ரவரி 2024

அன்புள்ள கலைமகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். டாக்டர் மாத்திரை கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்புக் குறைந்த வாயால் பேசினாலும் காரம் குறையாது என்று உன் அத்தான் சொல்கிறார்.

ஞாபகத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். படித்தது நான்.

முத்தாயி அக்கா விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். தோட்டத்தில் நம் லயத்துக்கு எதிர் லயத்தில் இருந்தவர். தைலம்மா கதை முடிந்த மறு மாதம் புருசன் காந்தனை விட்டு, இரண்டு வயது விமலனை இடுப்பில் தூக்கிக்கொண்டு முதல் பஸ் ஏறிப் போனார். தெங்கேராவில் மாவு மில்லில் இருபத்தெட்டு வருசம் வேலை. இன்று அங்கேயே சொந்த வீடு, சின்ன வீடு. “தைலம்மா பஸ் ஏறினா, நானும் ஏறினேன்” என்று எல்லாரிடமும் சொல்லுவார்.

அந்தக் காந்தனுக்கு இப்போது எழுபது வயது. சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. மஸ்ஜித் தானாவில் விமலன் வீட்டில் இருக்கிறார். விமலன் நல்ல பையன்தான். ஆனால் அவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அப்பாவைக் கொண்டு வந்து அம்மா வீட்டில் விட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். முத்தாயி அக்கா முடியாது என்கிறார். காந்தன் அடித்து உடைந்து, கோணலாகக் கூடிய மணிக்கட்டோடு இன்னும் இடியப்பம் பிழிகிற பெண், அவர் முடியாது என்றால் அதற்கு மேல் பேச்சு என்ன?

கலைமகள், ஜிமிக்கி ஆடட்டும், அழட்டும். முடிவில் மட்டும் கை வைக்காதீர்கள். தைலம்மா திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏற வேண்டும். முத்தாயி அக்கா அதற்காகத்தான் வாரா வாரம் வந்து உட்காருகிறார்.

உன் அக்கா
பெரியநாயகி


கோலாலம்பூர்,
22 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. மாத்திரையை விடாமல் சாப்பிடு.

முடிவைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் ஒரு கேள்வி மட்டும். அந்தக் கடைசி அத்தியாயம் வந்த பேப்பர் உன்னிடம் இருக்கிறதா?

கலைமகள்


தஞ்சோங் கிளிங்,
18 மார்ச் 2024

கலைமகளுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் போனவளைத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டீர்கள். படுத்துக் கிடக்கிற புருசன் காலில் விழுந்து, “அடிச்ச கையானாலும் அது என் சாமியோட கை” என்கிறாள். மாரியம்மா அக்கா செருப்பை எடுத்தார். என் டிவி தப்பியது உன் அத்தானால். எட்டுப் பேரில் ஒருத்தி விஜயராணி, அவள் அழுதுவிட்டாள். முத்தாயி அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே விமலன் தெங்கேராவுக்கு வந்துவிட்டான். அவர்கள் வீட்டிலும் அப்பாவும் மகனும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். “பாத்தியாம்மா, தைலம்மாவே திரும்பிப் போயிட்டா. நீ யாரைப் பாத்துட்டு வந்தியோ அவளே போயிட்டா. இன்னும் ஒனக்கு என்ன?” என்று கேட்டிருக்கிறான்.

“டிவிக்காரன் மாத்திப்புட்டான்டா. நாயகி படிச்ச பேப்பர்ல அவ திரும்பிப் போகவே இல்ல.”

“அப்ப அந்தப் பேப்பரைக் காட்டு. காட்டிட்டா அப்பாவை நானே வச்சுக்குறேன், இனிமே பேச மாட்டேன்.”

வாய்ச்சண்டையில் சொன்னதுதான். முத்தாயி அக்கா அதையே பிடித்துக்கொண்டார். எனக்குப் போன் போட்டு, “நாயகி, அந்தப் பேப்பரைக் கொண்டா” என்றார். கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நாடகத்தை எழுதி ஒரு பெண்ணின் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாய். சந்தோஷமாக இரு.

பெரியநாயகி


கோலாலம்பூர்,
24 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அந்தச் சாமி வசனம் என்னுடையது. டைரக்டர் தலையில் போட்டுத் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை. எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் எழுதினேன். அடுத்த நாடகமும் எனக்கு வேண்டியிருந்தது.

முத்தாயி அக்காவிடம் அந்தப் பேப்பரைக் காட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. காட்டு, அக்கா. அப்படி ஒரு பேப்பர் உன்னிடம் இருந்தால்.

கலைமகள்


தஞ்சோங் கிளிங்,
2 ஏப்ரல் 2024

கலைமகளுக்கு,

நலம்.

பேப்பரைக் கரையான் தின்றுவிட்டது. தோட்டத்து வீட்டிலேயே போயிற்று. நாற்பது வருசத்துப் பேப்பரை யார் வைத்திருப்பார்கள்? நீ என்ன போலீஸா, திரும்பத் திரும்பக் கேட்கிறாய்?

பெரியநாயகி


கோலாலம்பூர்,
20 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். இதை உட்கார்ந்து படி.

இத்துடன் ஒரு நகல் வைத்திருக்கிறேன். அந்தக் கடைசி அத்தியாயம். போன வருசம் ஆகஸ்டில், நாடக வேலை தொடங்கும்போதே பழைய பேப்பர் கோப்பிலிருந்து எங்களுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். எட்டு மாதமாக என் கைப்பையில் இருக்கிறது. முடிவை நாங்கள் மாற்றவில்லை, அக்கா. எழுதியவர் எழுதியபடியே எடுத்திருக்கிறோம். தைலம்மா பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிப் போகிறாள். புருசன் காலில் விழுகிறாள். பேப்பரில் அப்படித்தான் இருக்கிறது.

முதலில் படித்தபோது வேறு ஏதோ கதையைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்தத் திங்கட்கிழமை நானும் ஸ்டோர் வாசலில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே. “தைலம்மா பஸ் ஏறினாள்” என்று நீ படித்ததை என் காதால் கேட்டேன்.

உன்னை மடக்குவதற்காக இதை அனுப்பவில்லை. நீ என்னைத் திட்டியபோதெல்லாம் சொல்லிவிடலாம் என்று கை பரபரத்தது. சொன்னால் உன் தைலம்மாவையும் பிடுங்கிக்கொண்டதாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இப்போது முத்தாயி அக்கா வீடு இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. என்ன செய்யப் போகிறாய்?

கலைமகள்


கோலாலம்பூர்,
25 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நகலை அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது, உன் பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. நீ வேலைக்குப் போய் வருகிறாய், சாப்பிடுகிறாய், யாரோடும் பேசுவதில்லை என்று அத்தான் சொன்னார்.

விமலன் எனக்குப் போன் செய்தான். நாடகத்தில் வேலை செய்கிறவள்தானே, மூலக்கதையின் முடிவு என்ன என்று கேட்டான். வெளியே சொல்ல அனுமதி இல்லை என்று சமாளித்தேன். ஜூன் பதினாறு அன்று அப்பாவைத் தெங்கேராவுக்கு அழைத்துப் போகிறானாம். “பேப்பரும் வரல, ஒண்ணும் வரல. அம்மா சும்மா சொல்லுது” என்றான்.

திட்டியாவது எழுது.

கலைமகள்


தஞ்சோங் கிளிங்,
3 ஜூன் 2024

அன்புள்ள தங்கை கலைமகளுக்கு,

அக்கா எழுதுகிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. அது ஒன்றுதான் நல்ல செய்தி.

ஆமாம். நான்தான் மாற்றினேன். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் படித்துவிட்டேன். அவள் திரும்பிப் போவதைப் படித்ததும் பேப்பரைக் கசக்கி எறிந்தேன். அப்பா திட்டினார். திங்கட்கிழமை பால் நிறுத்து முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். முத்தாயி அக்கா முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் பழந்துணி சுற்றியிருந்தது. ஒற்றைக் கையால் இரண்டு வாளிப் பால் சுமந்து வந்திருந்தார். “சீக்கிரம் படி நாயகி, அவ போயிட்டாளா?” என்று கேட்டார்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நான் எப்படியடி படிப்பேன், அவள் காலில் விழுந்தாள் என்று? பேப்பரைப் பிடித்தபடி வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தைலம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தைலம்மா பஸ் ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பெண்கள் கை தட்டினார்கள். தட்டினது எனக்குத்தான், அவர்களுக்கு அது தெரியாது. சாயங்காலம் பேப்பரை அடுப்பில் வைத்தேன். கரையான் தின்னவில்லை.

மறு மாதம் முத்தாயி அக்கா கிளம்பிப் போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு சின்னப் பெண்ணின் பொய்யை நம்பிக் குழந்தையோடு போகிறாரே என்று. அவர் மாவு மில் மாடியில் ஒற்றை அறையில் இருந்தபோது, விமலனுக்குக் காய்ச்சல் வந்தபோது, ஒவ்வொரு தடவையும் இது நான் செய்தது என்று நினைத்துக்கொள்வேன். அவர் நன்றாக வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அதனால்தான் உன் நாடகத்தின் மேல் அப்படிப் பாய்ந்தேன். உங்கள் முடிவு பொய் என்று நாலு பேர் சொன்னால் என்னுடையது நிஜமாகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

உன்னைத் திட்டியதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மீதி அப்படியே இருக்கட்டும். எழுதியவர் பெரிய மனுசராக இருக்கலாம், ஆனால் அவர் எங்கள் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்ததில்லை. அவள் போகட்டும் என்று நான் விட்டேன், நீங்கள் உள்ளே தள்ளித் தாழ் போட்டீர்கள். மறுபடியும் அந்தப் பேப்பரை என் கையில் கொடுத்தால் மறுபடியும் அப்படித்தான் படிப்பேன்.

ஆனால் முத்தாயி அக்காவிடம் சொல்ல வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதை நினைத்தால்தான் கை ஓடவில்லை.

உன் அக்கா
பெரியநாயகி


தஞ்சோங் கிளிங்,
18 ஜூன் 2024

அன்புள்ள தங்கை கலைமகளுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம், உன் அத்தான் சுகம், முத்தாயி அக்காவும் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

சனிக்கிழமையே சொல்லிவிடுவது என்று தெங்கேராவுக்குப் போனேன். அக்கா மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன், சொல்லாமல் அங்கேயே படுத்துத் தூங்கினேன். இவ்வளவுதான் என் வீரம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு விமலன் கார் வந்து நின்றது. அன்றைக்குத் தந்தையர் தினமாம், நாள் பார்த்துத்தான் வந்திருக்கிறான். முன் சீட்டில் காந்தன், மடியில் துணிப்பை. முத்தாயி அக்கா வாசலுக்கு வந்தார். கேட் பூட்டியிருந்தது, சாவி இடுப்பில் இருந்தது. நானும் பின்னால் போய் நின்றேன்.

“அம்மா, கேட்டைத் தொற. அப்பா எவ்ளோ நேரம் கார்லயே உக்காந்திருப்பாரு?”

“ஒன் வீட்ல ரூம் இருக்குல்ல, கூட்டிட்டுப் போ.”

“பேப்பரைக் காட்டுறேன்னியே, எங்க? நாயகி சித்தி கொண்டு வந்துட்டாங்களா?”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கலைமகள், ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கரையான் கதை நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் பொய்யை நம்பித்தான் இந்தக் கேட் பூட்டியிருக்கிறது என்று இனி ஒரு நாளும் நினைக்க எனக்குத் தெம்பில்லை. நீ அனுப்பிய நகலை எடுத்துக் கம்பி வழியாக விமலனிடம் நீட்டினேன்.

“இதான் தம்பி பேப்பரு. அவ திரும்பிப் போயிட்டான்னுதான் போட்டிருக்கு. முடிவை மாத்துனது டிவிக்காரன் இல்ல, நான். நான்தான் மாத்திப் படிச்சேன்.”

விமலனுக்குத் தமிழ் படிக்கத் தட்டுத் தடுமாறித்தான் வரும். கடைசி நாலு வரியை எழுத்துக் கூட்டிப் படித்தான். முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டியாம்மா? நாப்பது வருசமா ஒன்னை ஏமாத்தியிருக்காங்க லா. நீ வீட்டை விட்டு வந்ததே ஒரு பொய்யாலதான்!”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“தெரியும்டா” என்றார் முத்தாயி அக்கா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை, மகனிடம்தான் பேசினார்.

“இவ படிச்ச அதே வாரம் பக்கத்துத் தோட்டத்துல கல்யாணம். போயிருந்தேன். அங்க கணக்கு எழுதுற கிராணி மவன் படிச்சுக் காட்டியிருக்கான், உள்ளது உள்ளபடி. அந்தப் பொம்பளைங்க தைலம்மா திரும்பிப் போயிட்டான்னு சொல்லி அழுவுறாளுங்க. நம்ம தோட்டத்துல அவ பஸ் ஏறிட்டா, பக்கத்துத் தோட்டத்துல கால்ல விழுந்துட்டா. ஒரு மாசம் ரெண்டையும் வச்சு யோசிச்சேன். பெறகுதான் பஸ்ஸு ஏறினேன். என்னை யாரும் ஏமாத்தல. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, புத்தி இருக்கு.”

விமலன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். காரிலிருந்து காந்தன், “முத்தாயி, தண்ணியாச்சும் குடு” என்றார். அக்கா உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கம்பி வழியாக மகனிடம் கொடுத்தார். காந்தன் குடித்து முடிக்கும் வரை நின்றார். சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சாவியைத் தொடவில்லை.

“ஒங்கப்பாவுக்கு மருந்து, சோறு எது வேணும்னாலும் கேளு, செஞ்சு குடுத்து விடுறேன். இந்த வீட்டுக்குள்ள அவரு வர முடியாது. இதுக்குப் பேப்பர் வேணாம், டிவி வேணாம். நான் சொல்றேன்.”

விமலன் வண்டியைத் திருப்பிக்கொண்டு மஸ்ஜித் தானாவுக்குப் போய்விட்டான். நேற்றுப் போன் செய்து, கீழ் அறையைத் துப்புரவு செய்து அப்பாவுக்குக் கட்டில் போட்டுவிட்டதாகச் சொன்னானாம். குரல் இறுக்கமாகத்தான் இருந்ததாம். அக்கா சாம்பார் வைத்து அனுப்பினார்.

கார் போனதும் நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். தெரிந்திருந்தும் ஏன் பேப்பரைக் கொண்டு வரச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அன்னைக்கு அத்தனை பேரு முன்னால முழிச்ச முழி மாறாம ஒரு பொய் சொன்னவளாச்சே, நீ இவனுக்கும் ஒண்ணு சொல்லி அனுப்பிடுவேன்னு நெனச்சேன். நீ என்னடான்னா மூணு மாசம் ஒளிஞ்சுக்கிட்ட.” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “எனக்குத் தெரியும்னு ஒன்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும் நாயகி. நீ இத்தனை வருசம் இதைச் சொமந்தேன்னு எனக்குத் தெரியாது” என்றார்.

நான் அழுதேன், கலைமகள். உங்கள் தைலம்மா மாதிரி இல்லை, நன்றாக வாய்விட்டு அழுதேன். என்னால்தான் போனார் என்று நாற்பது வருசம் பயந்தேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் போய்விட்டன. அவர் போனது அவரால்தான். நான் ஒரு வழியைச் சத்தமாகப் படித்தேன், அவ்வளவுதான்.

அடுத்த நாடகம் வேண்டும் என்று சாமி வசனம் எழுதினேன் என்றாயே, அதற்காக உன்னை இனி ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்ததை எழுத உட்காரும்போது, டைரக்டர் “யாருக்குத் தெரியப் போவுது” என்று கேட்டால், தெங்கேராவில் படிக்கத் தெரியாத ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குத் தெரியும் என்று சொல். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலையை விட்டுவிட்டு இங்கே வா. சலவை அறையில் ஆள் பற்றவில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா
பெரியநாயகி